வேற வீட்டுச் சேவல்

கரமனையில் அந்த வாடகை வீட்டின் மொட்டைமாடிக் கூண்டில் இரண்டு வெள்ளை சில்க்கிக் கோழிகள், சேவலும் பெட்டையுமாக, பஞ்சை உருட்டி வைத்ததுபோல உட்கார்ந்திருந்தன. காலையிலேயே செல்வின் அவற்றைக் குளிப்பாட்டி, மனைவி சபீனாவின் ஹேர் டிரையரால் உலர்த்தியிருந்தான். அவர்கள் பொரிக்க வைத்து வளர்த்தெடுத்த முதல் குஞ்சுகள். வாங்க வந்திருக்கும் ரத்னாபாய் கோழி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பானூர் ஹோட்டல் அடுப்படி வேலையை விட்டு வந்துவிடலாம் என்பது அவன் ஆசை. அவன் கைகளில் எண்ணெய் தெறித்த தழும்புகளுக்கு மருந்து போடுகிறவள் சபீனா. அவளுக்கும் அதே ஆசைதான்.

"நல்ல ஜோடியாக்கும் அக்கா," என்று கூண்டைத் திறந்தான்.

"ஜோடி இல்ல. ரெண்டும் கூடப்பொறந்ததுங்க," என்றாள் சபீனா.

"ஏட்டி!"

ரத்னாபாய் சிரித்துவிட்டாள். "கோழிக்கும் முறைப்பையன் பாக்கணுமா மோளே?"

"முறை வேண்டாம்க்கா. வேற வீட்டுச் சேவலா இருந்தா போதும்."

சபீனா உள்ளே போய், இவற்றுக்குப் பிறகு பொரித்த ஒரு குஞ்சை ஏந்தி வந்தாள். அதன் மேல் அலகு ஒரு பக்கமும் கீழ் அலகு மறுபக்கமும் வளைந்திருந்தன. தரையில் போட்ட அரிசியை ஆசையாகக் கொத்தியது. அரிசிமணி நழுவி ஓடியது. மறுபடியும் கொத்தியது. அதற்குக் கரண்டியில் குழைத்து ஊட்டுவது அவள்தான்.

"இதுக்கு அம்மையும் அப்பனும் கூடப்பொறந்தது. ஜோடின்னு சொல்லி ஒருத்தன் எங்க தலையில கட்டிட்டான். அதே ரத்தம்தான் இதுங்களுக்கும். சேத்து விட்டா உங்க வீட்லயும் இப்படிப் பொறக்கலாம்."

செல்வினின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கூண்டுக் கதவு கிறீச்சிட்டது. நிமிர்ந்தபோது, அவன் சேவலை எடுத்துத் தனிக் கூண்டில் விட்டுக்கொண்டிருந்தான்.

"பெட்டையை மட்டும் கொண்டு போங்கக்கா. விஷயம் இன்னதுன்னு அவ சொல்லிட்டா. வேற ரத்தத்துச் சேவல் நான் தேடித் தாறேன். கிடைக்கிற வரைக்கும் பெட்டை தனியா நிக்கட்டும்."

ரத்னாபாய் பெட்டையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "குரூப்புல போடத்தான் போறேன். ஜோடி வாங்கப் போனா, ஜோடியைப் பிரிச்சு விடுற வீடுன்னு!"

"நம்ம கோழி யாவாரத்துக்கு நல்ல பேருதான் போ," என்று செல்வின் சபீனாவின் தோளை இடித்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தார்கள். கிளம்பிய ஆட்டோவில், ரத்னாபாயின் மடியில் பெட்டை தலையைத் தூக்கி அமர்ந்திருந்தது. ஆட்டோ பாலத்தை நோக்கித் திரும்பியதும் ஆற்றுக்காற்றில் அதன் கொண்டை இறகுகள் விரிந்து பறக்க, எதிரே வந்த பேருந்தின் ஜன்னல்களில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.