வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

என் அப்பா வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடமாட்டார். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர். அதோடு சரி. சாயங்காலம் சபையில் ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எதையாவது வாயில் வைப்பார். நடுவில் யார் தலைகீழாக நின்றாலும் நடக்காது. மகள் எழுந்து நடக்கும்வரை இப்படித்தான் இருப்பேன் என்று ஆண்டவரிடம் பொருத்தனை செய்திருந்தார். அதாவது அவர் வயிற்றுக்கும் என் கால்களுக்கும் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் போடும்போது என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு வந்தது காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். அது முதுகுத் தண்டில் இறங்கிவிட்டது என்றார்கள். கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே இருந்தது என்னுடையதாகவே தெரியவில்லை. விபத்தாக இருந்திருந்தால் வாய் வலிக்கத் திட்டுவதற்கு ஒரு டிரைவராவது இருந்திருப்பான். இதில் யாரைப் போய்த் திட்டுவது? அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அப்பாவும் நானும்தான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நின்றுபோனது எதுவாக இருந்தாலும் அதற்குள் எங்கோ ஒரு காரணம் ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடித்தால் திரும்ப ஓட வைத்துவிடலாம் என்று நம்பியே வேலை பார்த்தவர். டாக்டர்கள் கையை விரித்ததும் அவர் அவர்களைவிடப் பெரிய மெக்கானிக்கிடம் போனார்.

எங்கள் சபையில் என் முழங்கால்கள் பொதுச் சொத்து. வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதில் கை வைத்து ஜெபம் பண்ணுவார்கள். பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லக்கூடாது. ஒரு தடவை வெளியிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் கைவைப்பதோடு நிற்கவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்து, "எழுந்திரு மகளே" என்று ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். நான் முகம் குப்புற விழுந்தேன். பின்னாலிருந்து யாரோ பெண்கள் ஓடி வந்து என் பாவாடையைச் சரிசெய்தார்கள். பிரசங்கியார் மூச்சு வாங்கிக்கொண்டு, "விசுவாசம் பத்தல" என்றார். யாருடைய விசுவாசம் என்று சொல்லவில்லை. அப்பா அது தன்னுடையதுதான் என்று எடுத்துக்கொண்டார். அந்த வார வெள்ளிக்கிழமையிலிருந்து தட்டைக் கவிழ்த்துவிட்டார்.

நானோ, கால்களைக் கேட்பதை நிறுத்தி ரொம்ப காலமாகிவிட்டது. ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டு நிறுத்தவில்லை. சண்டையும் போட்டேன்தான், ஆனால் அதனால் இல்லை. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் நேரம்தான் என் நாளிலேயே மோசமான நேரம். கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, செத்த கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கவேண்டும். அப்போது எல்லார் மேலும் ஒரு வெறுப்பு வரும். மாடிப்படியில் தடதடவென்று இறங்கிப் போகிறவர்கள் மேல், காப்பி கலக்கும் அப்பா மேல், எல்லார் மேலும். அந்த நேரத்தில்தான் கேட்பேன். 'இன்னைக்கு மட்டும் யாரையும் கடிச்சுக் குதறாம இருக்கணும். இன்னைக்கு மட்டும்.' அது கிடைத்தது. தினமும் கிடைத்தது என்று புளுகமாட்டேன், பெரும்பாலும் கிடைத்தது. தோட்டத்தில் முழங்காலிட்டு, வேர்வை சொட்டச் சொட்ட, இந்தச் சாவு என்னைவிட்டு நீங்கட்டும் என்று இயேசு கேட்டாரே, அவருக்கே கேட்டது கிடைக்கவில்லை. இருந்தும் எழுந்து போனார். நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த இயேசுவைத்தான். பிரசங்கியார் கூட்டிவந்த இயேசு எனக்குப் பழக்கமில்லை.

இதை அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பசித்த வயிற்றோடு முழங்காலில் நிற்கிற மனிதரிடம் போய், 'நீங்கள் கேட்பதை நானே கேட்பதில்லை' என்றால் இடிந்துபோய்விடுவார்.

நான் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். மெழுகில் ஈறு வடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடி சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது என் வேலை. எனக்குப் பிடித்த இடம் அது. அங்கே எல்லோரும் உட்கார்ந்துதான் வேலை செய்தாகவேண்டும். சாயங்காலம் அவர்கள் எழுந்து பையை மாட்டிக்கொள்ளும்போதுதான் எனக்கு என் நாற்காலி ஞாபகம் வரும்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளிலேயே வெள்ளிக்கிழமைகளில் கண் இருட்டிக்கொண்டு வரும், சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அவரிடம் பேசிப் பயனில்லை என்று பாஸ்டரிடம் போனேன். பாஸ்டர் என்னைவிடச் சின்னவர், அதிர்ந்து பேசாத மனிதர். வீட்டுக்கே வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, உடம்புக்கு முடியாதவங்க உபவாசம் இருக்கணும்னு ஆண்டவர் கேக்கல. நீங்க சாப்பிட்டுட்டே ஜெபம் பண்ணுங்க. நான் சொல்றேன்."

"சரிங்க பாஸ்டர்" என்றார் அப்பா.

எனக்கு உயிர் வந்தது. அப்பா வாயிலிருந்து 'சரி' வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம், சம்மதம் என்று அர்த்தமில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தும் அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

அந்த மாதமே மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு மாற்றினார்கள். டாக்டரம்மாவின் அறை மாடியில், லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக் படியேறிப் போனார். நான் கீழே, செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்தவர், "ஊசிய ஒரு நாள்கூட விடக்கூடாதாம்மா. மறக்காம போட்டுக்கணுமாம்" என்றார். சாப்பாட்டைப் பற்றி டாக்டரம்மா என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். "எல்லாம் சொன்னாங்க, எல்லாம் சொன்னாங்க" என்று வண்டியைக் கூப்பிடப் போய்விட்டார்.

ஊசி ஆரம்பித்து வந்த முதல் வெள்ளிக்கிழமை லேபில் மோட்டார் புகைந்து வேலை நின்றுபோனது. முதலாளியம்மா மத்தியானமே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கதவைத் திறந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மேசையில் ஊசி போட்ட சிரிஞ்சு இருந்தது. காலையில் நான் மூடி வைத்துவிட்டுப் போன தட்டு மூடியபடியே இருந்தது.

"அப்பா" என்றேன். சமையலறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

சமையலறை வாசலுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தார். சட்டை குளித்தவர் சட்டை மாதிரி நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் விவரம் கேட்டுவிட்டு, "சுகர் இறங்கிடுச்சு. வண்டி வந்துட்டிருக்கு. அவரை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கொஞ்சம் சர்க்கரையை ஈறுல தடவி விடுங்க, நிறைய போட்டுடாதீங்க. சீக்கிரம்" என்றாள்.

சர்க்கரை டப்பா உள்ளே, அவரைத் தாண்டி, அலமாரியில் இருந்தது. நாற்காலி போக வழியில்லை, அவர் உடம்பே அடைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, நான் கால்களைக் கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். 'எனக்காக இல்ல. அவருக்காக. அஞ்சு நிமிஷம் குடும். அப்புறம் எடுத்துக்கும்.' கேட்டுவிட்டு உண்மையாகவே காத்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை.

நாற்காலியிலிருந்து என்னை நானே கீழே தள்ளிக்கொண்டேன். தோள் நங்கென்று தரையில் மோதியது. முழங்கையை ஊன்றி அவர் மேலேயே ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன். பெற்ற தகப்பன் மார்பில் மண்மூட்டையாகப் புரண்டு போனேன். என் கால்கள் அவர் முகத்தில் இடித்துக்கொண்டு பின்னால் வந்தன. அலமாரித் தட்டு நாற்காலியிலிருந்து எட்டும், தரையிலிருந்து எட்டாது. துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து, கிடைத்ததையெல்லாம் தட்டினேன். உப்பு விழுந்தது. காப்பித்தூள் விழுந்தது. கடைசியில் சர்க்கரை என் தலையிலேயே கொட்டியது. கோபத்தில் நான் ஆண்டவரைச் சொன்ன வார்த்தையை இங்கே எழுதமுடியாது. அதையும் ஜெபமாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

அவரை ஒருக்களித்துத் திருப்பி, பல் செட்டைக் கழற்றினேன். அது நான் செய்து கொடுத்தது, அந்த ஈறின் மேடு பள்ளம் எனக்கு மனப்பாடம். விரலை எச்சிலில் நனைத்து, தரையிலிருந்த சர்க்கரையைத் தொட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். விரல் வலித்தது. பிறகு அவர் நாக்கு மெதுவாக அசைந்தது. கண் என்னைத் தேடியது.

"என்ன... என்ன குடுத்தே?"

"சர்க்கரைப்பா."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றார். என்றவர் தலையைத் திருப்பித் துப்பப் பார்த்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்வது! அவர் வாயை என் கையால் பொத்தினேன். "முழுங்குங்க. துப்பினீங்க, அப்புறம் நான் உங்க மகளே இல்ல. ஊசியும் போட்டுக்கிட்டு, பட்டினியும் கிடந்தா உயிர் எங்கப்பா நிக்கும்?"

"ஊசி போடுன்னாங்க, போட்டேன். அது டாக்டர் பேச்சு. சாப்பிடாம இருந்தேன். அது கர்த்தருக்குக் குடுத்த பேச்சு. ரெண்டையும்தான் காப்பாத்தினேன்" என்றார் என் விரல்களுக்கு நடுவிலிருந்து. பல் இல்லாத வாயில் வார்த்தைகள் குழைந்தன. இதில் தப்பு எங்கே என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. இரண்டு முதலாளிகளுக்கும் நேர்மையாக வேலை பார்த்த மனிதர், சாகக் கிடந்தார்.

அப்போது சொல்லிவிட்டேன். பக்குவமாகச் சொல்ல நேரமில்லை, மனசும் இல்லை.

"அப்பா, நான் கால் கேக்கறத விட்டு ரொம்ப வருஷமாச்சு."

அவர் என்னையே பார்த்தார்.

"இன்னைக்குக் கேட்டேன். இந்த வாசல்ல இருந்து கெஞ்சிக் கேட்டேன். குடுக்கல. ஆனாலும் உங்ககிட்ட வந்து சேந்துட்டேன் பாத்தீங்களா? எனக்கு அவர் தினமும் குடுக்கறது இதுதான்பா. இதுவரைக்கும் இத வெச்சுத்தான் ஓட்டிட்டிருக்கேன். இது போதும்னு சொல்ல மாட்டேன். ஆனா இதுதான் இருக்கு."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் பக்கவாட்டில் இறங்கித் தரையில் கிடந்த காப்பித்தூளில் விழுந்தது.

"நான் சாப்பிட்டா, உன்னை இப்படியே விட்டுட்டேன்னு ஆயிடும்மா" என்றார்.

அவ்வளவு வருஷப் பட்டினிக்கும் அர்த்தம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் ஆண்டவரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். அவரோ என்னைக் கைவிடாமல் இருப்பதற்கு வேறு வழி தெரியாமல் பட்டினி கிடந்திருக்கிறார். இருந்தாலும் விடவில்லை.

"விட்டுடுங்கப்பா. இப்படியே விட்டுடுங்க. நீங்க போய்ச் சேந்தப்புறம் நான் எழுந்து நின்னா, யாருக்குப்பா காட்டறது?"

அவர் தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார். வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. உள்ளே ஓடி வந்தவர்கள், தலையெல்லாம் சர்க்கரையோடு தரையில் கிடந்த என்னைப் பார்த்து யார் நோயாளி என்று ஒரு கணம் திகைத்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் லேபுக்கு லீவு சொன்னேன். ஊசி போட்டுக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். சோறும் முட்டையும் வைத்தேன். கண்ணை மூடினார். உதடு அசையவில்லை. என்ன ஜெபம் செய்தார், செய்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. பிறகு கையை நீட்டி முதல் கவளத்தை எடுத்தார். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தவர்கள் சாப்பிடுவதுபோல, யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடக்கூடாதே, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற தெம்பு எனக்கு இருக்கவேண்டுமே என்றுதான் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாதியில் நிறுத்தினார்.

"சின்னதுல நீ ரொம்ப வேகமா நடப்பே. உன்கூட வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கும்."

காய்ச்சலுக்குப் பிறகு என் நடையைப் பற்றி அவர் பேசியதெல்லாம் இனிமேல் வரப்போகிற ஒன்றாகத்தான். முடிந்துபோனதாக அவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

"ஆமாப்பா" என்றேன். "நடந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். நான் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.