வண்டித் தாத்தாவும் இரட்டை பிரேக்கும்

சித்தி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்ததும் முதலில் கண்ணாடியைச் சரிசெய்வாள்; பிறகு இருக்கையை முன்னுக்கு இழுப்பாள்; அதற்குப் பிறகுதான் வண்டித் தாத்தாவை அழைப்பாள்.

"தாத்தா, நான் இங்க உக்காந்துட்டேன். நீங்க போய் என் லைப்ரரியில உக்காருங்க. யாராவது புத்தகம் கேட்டா முறைக்காதீங்க."

பக்கத்து இருக்கையிலிருந்த டீச்சர் சிரித்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு அதுதான் பெயர். அம்மாவின் தங்கையான சித்திகூட, பாடம் முடியும்வரை அந்தப் பெயரைத்தான் சொல்வாள்.

வண்டித் தாத்தா, சித்திக்குத் தாத்தா, டீச்சருக்குக் கொள்ளுத்தாத்தா. வாழ்நாள் முழுதும் குதிரைவண்டி ஓட்டியவர், ஒருமுறைகூட எதன்மீதும் இடிக்காதவர் என்பது குடும்பத்தின் பெருமை. அந்தப் பெருமையிலிருந்து சித்தி ஒரு விளையாட்டை உண்டாக்கியிருந்தாள்: வண்டி ஓடும் நேரம் முழுவதும் அவளும் தாத்தாவும் வாழ்க்கையை மாற்றிக்கொள்வார்கள்.

"சிவப்பு விழுந்துடுச்சு. தாத்தா பாத்தா என்ன சொல்லியிருப்பாரு, டீச்சர்?"

"'எவன்டா அவன், பட்டப்பகல்ல விளக்கேத்தி எண்ணெயை வீணாக்குறவன்'னு கேட்டிருப்பாரு."

கார் சிக்னல் கோட்டுக்கு முன்னால் மெல்லத் தயங்கி, குலுங்காமல் நின்றது.

"பாத்தியா? வெண்ணெய் மாதிரி நின்னுச்சு. ரத்தத்துல இருக்குடி! சரி, லைப்ரரியில அவரு இந்நேரம் என்ன பண்ணிட்டிருப்பாரு?"

"குதிரைக்குப் பாக்குற மாதிரி, ஒவ்வொரு புத்தகமா வாயைத் திறந்து, பல்லைப் பாத்து, வயசு சொல்லிட்டிருப்பாரு."

சித்தி சிரித்ததில் பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் ஹாரன் அலறியது. "இருங்கப்பா, குதிரை தண்ணி குடிக்குது," என்று சொல்லிக்கொண்டே கியரை மாற்றினாள். "நீ யாரோட மாத்திப்ப?"

"நானும் அவரோடதான். அவரோட நிம்மதி வேணும் எனக்கு."

அது விளையாட்டாகச் சொன்னதல்ல. பயிற்சிக் காரில் டீச்சரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்த வேலையில் சேர்ந்த நாள்முதல் அவளுடைய வலது கால் ஓய்ந்ததில்லை. பேருந்தில் ஏறினால் தரையை அழுத்தும். தொலைக்காட்சியில் யாரோ யாரையோ காரில் துரத்தினால் அம்மாவின் சோபாவை உதைக்கும். ஓடும் வண்டியில் கண்ணயர்வது எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

சித்திக்கோ நிம்மதியைவிட அவசரமான தேவை ஒன்று இருந்தது. கிளை நூலகத்தில் அவள் உதவியாளர். நடமாடும் நூலக வேனின் ஓட்டுநர் ஓய்வுபெறவிருந்தார். அதற்குள் உரிமம் கிடைத்தால் வேன் சித்திக்கு, கிடைக்காவிட்டால் கொட்டாவிக்கு. கொட்டாவி என்பது உடன் பணிபுரிபவரின் பட்டப்பெயர். அவரிடம் உரிமம் இருந்தது. புத்தகத்தின் மீதுதான் பற்றில்லை. துப்பறியும் கதைகளைத் தோட்டக்கலை அலமாரியில் செருகுகிறவர். தெருத்தெருவாகப் போய், நூலகத்துக்கு வர இயலாதவர்களின் கையில் புத்தகம் கொடுக்க வேண்டும் என்பது சித்தியின் நெடுநாள் ஆசை.

ஆனால் இரண்டு தேர்வுகளில் அவள் தோற்றிருந்தாள். இரண்டிலும், கோட்டுக்கு முன்னால் தேர்வாளர் தம் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டார். மிதித்தால் தோல்வி, அது விதி.

"அந்த உம்மணாமூஞ்சிக்கு என்னைக் கண்டாலே கால் அரிக்குது," என்பது சித்தியின் விளக்கம். பரீட்சை பயம் என்பது மற்றவர்களின் விளக்கம். பாடத்தின்போது ஒரு பிழையும் செய்யாதவள் தேர்வில் மட்டும் ஏன் தடுமாறுகிறாள் என்பது டீச்சருக்கு விளங்கவே இல்லை. அடுத்த தேர்வு நாளை மறுநாள். வேன் ஓட்டுநர் ஓய்வுபெறுவதற்குள் அதுதான் கடைசி வாய்ப்பு.

பாடம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சிக்னலில் கார் வெண்ணெயாக நின்ற கதையைச் சொன்னாள்.

"அப்படியே தாத்தா ஓட்டுற மாதிரி இருந்துச்சுக்கா."

அம்மா கையிலிருந்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டாள். "தாத்தா ஓட்டினாரா? யாருடி சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும் வண்டியில ஏறிப் பாத்தாங்களா? நான் ஏறியிருக்கேன். நீ பொறக்குறதுக்குள்ள குதிரையை வித்தாச்சு, உனக்கென்ன தெரியும்? தாத்தா ஏறி உக்காருவாரு, தொப்பியை மூஞ்சில கவுத்துப்பாரு, தெருமுனை தாண்டுறதுக்குள்ள குறட்டை. குதிரைதான் திரும்பும், குதிரைதான் நிக்கும். எதிர்ல லாரி வந்தா அதுவா ஓரமா ஒதுங்கும். வாசலுக்கு வந்ததும் நின்னு ஒரு கனைப்பு. அவரு முழிச்சுக்கிட்டு எங்கிட்ட கேப்பாரு, 'எப்படி ஓட்டினேன் பாத்தியா?'"

சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து மேஜைக்கடியில் பார்த்தாள். அம்மாவின் கதையில் லாரி வந்த கணத்தில் அவளுடைய வலது கால் தரையை அழுத்தியிருந்தது, இன்னும் எடுக்கவில்லை.

முன்னோருடன் வாழ்க்கையை மாற்றிக்கொள்ளும் கற்பனையில் நாம் எப்போதும் வண்டிக்குள் அமர்ந்தவரின் இடத்தையே எடுத்துக்கொள்கிறோம். வண்டியை இழுத்த உயிரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பதில்லை. டீச்சர் அப்போதுதான் வைத்துப் பார்த்தாள். இடம் கச்சிதமாகப் பொருந்தியது.

மறுநாள் காலை, நூலகத்துக்குப் பின்னாலிருந்த காலி முற்றத்துக்குப் பயிற்சிக் காரை ஓட்டச்சொல்லி, சித்தியுடன் டீச்சரும் போனாள். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினாள்.

"சித்தி, ஒண்ணு சொல்லணும். நீங்க இதுவரைக்கும் சரியான நேரத்துல பிரேக் போட்டதே இல்ல."

"என்னடி உளர்ற? நேத்து சிக்னல்ல நின்னுச்சே?"

"நான் நிறுத்தினேன். மத்தவங்க ஓட்டும்போது பிரேக்ல கால் வெச்சா உடனே சொல்லிடுவேன். உங்ககூட சிரிச்சுக்கிட்டே வர்றேனா, கால் வெச்சதே எனக்குத் தெரியல. நம்ம வண்டிக்குக் குதிரை நான்தான்."

சித்தி குனிந்து தன் காலடியிலிருந்த பெடலைப் பார்த்தாள்.

"அதான் பெடல் எனக்கு முன்னாடியே இறங்குதா? வண்டிக்கே என் மனசு தெரியுதுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்."

"இல்ல சித்தி."

"அப்போ வெண்ணெய்?"

"என் வெண்ணெய்."

"ரத்தம்?"

"ரத்தம் இருக்கு. தூங்குற ரத்தம்."

சித்தியின் முகம் கறுத்தது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். "பரீட்சைக்கு முந்தின நாள் வந்து சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா?"

"நாளைக்கு உம்மணாமூஞ்சி சொல்றதுக்கு பதிலா இன்னைக்கு நான் சொல்றேன்."

வெளியே வைத்த கால் சிறிது நேரம் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே வந்தது. "சரி, எறங்கு. பின்னாடி போய் உக்காரு. அங்க பெடல் இல்லல்ல?"

புத்தகங்கள் வந்திறங்கிய காலி அட்டைப்பெட்டிகளை முற்றத்தின் குறுக்கே அடுக்கினார்கள். டீச்சர் பின்னிருக்கையில் சம்மணமிட்டுக் கால்களைத் தொடைக்கடியில் பூட்டிக்கொண்டாள். சித்தி தாத்தாவை அழைக்கவில்லை. கார் கிளம்பியது. பெட்டிகள் பறந்தன.

சத்தம் கேட்டுக் கொட்டாவி காபிக் கோப்பையுடன் வெளியே வந்தார். சிதறிய பெட்டிகளைப் பார்த்தார். கோப்பையைப் படியில் வைத்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

"நீங்க எதுக்கு சார்?" என்றாள் டீச்சர் ஜன்னல் வழியாக.

"பின்ன? இவங்க பாஸ் பண்ணலேன்னா அந்த வேன் என் தலையில விழும். வெயில்ல தெருத்தெருவா சுத்த என்னால ஆகாதும்மா." ஒரு நீண்ட கொட்டாவி விட்டார். "தாயே, நல்லாப் பாத்து மிதிங்க. எத்தனை தடவை வேணாலும் நான் அடுக்குறேன்."

அவர் பலமுறை அடுக்க வேண்டியிருந்தது. ஒருமுறை கார் வெகுதூரத்திலேயே நின்றுவிட, "அங்கேருந்து பெட்டி கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்டார். வெயில் தாழ்ந்தபோது கார் பெட்டிகளுக்கு ஒரு சாண் முன்னால், சிறு குலுக்கலுடன் நின்றது. வெண்ணெய் இல்லை. ஆனால் அந்தக் குலுக்கல் சித்தியுடையது. அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னிருக்கையில் டீச்சர் இரு கைகளாலும் தன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வன்று டீச்சர் நாற்சந்தியின் நடைபாதையில் காத்து நின்றாள். தேர்வுக் கார் வந்தது. சிவப்பு விழுந்தது. அவளுடைய கால் நடைபாதைக் கல்லைப் பலங்கொண்டமட்டும் அழுத்தியது. கல்லுக்கும் காருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் கார் கோட்டுக்கு முன்னால், ஒரு குலுக்கலுடன் நின்றது.

அலுவலக வாசலில் தேர்வாளர் இறங்கினார். முகம் வழக்கம்போல உம்மென்று இருந்தது. "இன்னைக்கு என் காலுக்கு வேலையே இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். சித்தி டீச்சரைக் கட்டிக்கொண்டு குதித்ததில் இருவரும் பூந்தொட்டி ஒன்றைச் சாய்த்தார்கள். கொட்டாவிக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னபோது மறுமுனையில் ஆனந்தப் பெருமூச்சு கேட்டது.

நூலக வேனின் முதல் சுற்றுக்கு டீச்சரும் உடன் போனாள். பக்கத்து இருக்கையின் காலடியில் பெடல் இல்லை. முதல் திருப்பத்தில் அவளுடைய கால் அதைத் தேடியது. அடுத்த திருப்பத்திலும் தேடியது. பின்னால் அலமாரிகளில் புத்தகங்கள் மெல்ல உரசிக்கொண்டிருந்தன. காலை வெயில் மடியில் விழுந்தது.

"சிவப்பு விழுந்துடுச்சு," என்று வேனை நிறுத்தினாள் சித்தி. "தாத்தா பாத்தா என்ன சொல்லுவாரு, டீச்சர்?"

சித்தி திரும்பிப் பார்த்தாள். டீச்சரின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கால் தரையில் வெறுமனே கிடந்தது. தாத்தாவின் குறட்டை எப்படி இருந்திருக்கும் என்று சித்திக்குத் தெரியாது. ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்.

எதிரே ஒரு லாரி வந்தது. சித்தி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். இரண்டு தெருக்கள் கடந்து, புத்தகத்துக்காகச் சிலர் காத்திருந்த மரத்தடியில் வேனை நிறுத்தினாள். பிறகு டீச்சரின் காதருகே குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, நீளமாக ஒரு கனைப்புக் கனைத்தாள்.

டீச்சர் திடுக்கிட்டு விழித்தாள். மரத்தையும் காத்திருந்த மனிதர்களையும் சித்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கம்பீரமாகக் கேட்டாள்:

"எப்படி ஓட்டினேன் பாத்தீங்களா?"