நான்காம் மாடிக்கு ஏறிய தண்ணீர்

அந்த வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு, தெருக்குழாய்த் தண்ணீர் எவருடைய மோட்டாரும் இல்லாமல் நான்காம் மாடி வரை தானே ஏறத் தொடங்கியது. மாடிக்காரர்கள் முதல் வாரம் அதிசயப்பட்டார்கள். இரண்டாம் வாரம் மோட்டார்களை விற்றார்கள். தெருமுனை நீரேற்று நிலையத்தின் பம்ப்காரருக்கு மட்டும் நிம்மதி போயிற்று. பம்பை நிறுத்தினாலும் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டை விட்டு இறங்கவில்லை. ஐந்து மாதத்தில் மூன்று மீட்டர்களைக் கழற்றிப் புதிதாக மாட்டினார். வீட்டில் ஏழு வயது மகள் தலைவலி என்று சுருண்டு படுத்தாள்; காலையில் வாந்தி எடுத்தாள். கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார் பெரியப்பா. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நாடகம் என்றாள் அத்தை. கண்ணாடியும் போட்டார்கள், அதட்டியும் பார்த்தார்கள்.

மூக்கில் ரத்தம் வந்த அன்று, பழுதென்று கடைசியாகக் கழற்றிய மீட்டர் கிடந்த பையோடு, மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். பிரஷர் பார்க்க வேண்டும் என்றாள் நர்ஸ்.

"குழந்தைக்குப் போய் பிரஷரா?" என்று கேட்டார் பம்ப்காரர்.

பெரியவர்களுக்கான பிரஷர் பட்டை சிறுமியின் கையில் தொளதொளத்தது. "இதுல பார்த்தா கம்மியாத்தான் காட்டும்ணே" என்ற நர்ஸ், அப்படியே எழுதிக்கொடுத்தால் கேட்க ஆளில்லை என்றாலும், மூன்று மாடி ஏறி இறங்கிச் சின்னப் பட்டை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தாள். கடவுள் பல நேரம் இப்படி மூச்சிரைக்கத்தான் வருகிறார்.

நூற்றுத் தொண்ணூறு. மறுபடி பார்த்தாள், அதேதான். அவள் முகம் வெளுத்தது. அப்போது பைக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. பம்ப்காரர் எடுத்துப் பார்த்தார். எந்தக் குழாயிலும் மாட்டாத அந்த மீட்டரின் முள், சிவப்புக்கு அப்பால், மகளின் நாடியோடு ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தது. உண்மை சொன்ன மூன்றையும் பொய்யென்று கழற்றியிருக்கிறார்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "இடது கிட்னி சுருங்கிப்போச்சு. கைக்குழந்தையில அடிக்கடி காய்ச்சல் வந்திருக்குமே? சிறுநீர்ல கிருமி. இப்ப அது ஒரு வேலையும் செய்யல. ஆனா பிரஷரை ஏத்து ஏத்துன்னு சத்தம் மட்டும் போடுது."

"எங்க ஆபீஸ்லயும் அப்படி ஒருத்தர் இருக்கார்" என்று பம்ப்காரரின் வாய் தன்பாட்டில் சொன்னது. பல் முளைக்கிற காய்ச்சல்தான் என்று அன்றைக்குச் சொன்னவர் அவரே.

"அதை எடுத்திடணும்."

"ஒண்ணை வச்சுக்கிட்டு பிள்ளை பிழைக்குமா?"

"இன்னொண்ணு நல்லா இருக்கு, அது போதும். எடுக்கலைன்னாதான் பயம். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிடலாம்."

மருந்தில் பிரஷரைத் தணித்து, மூன்றாம் வாரம் அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்தக் காலையில் நான்காம் மாடிக் குழாய் நின்றது; பிறகு மூன்றாவது, இரண்டாவது, முதலாவது. மகள் கண் விழித்தபோது தரைமட்டக் குழாயில் மட்டும் தண்ணீர் சாதுவாக விழுந்துகொண்டிருந்தது. விஷயம் தெரிந்த தெரு, மோட்டாரை விற்ற மாடிக்காரர்கள் உட்பட, வாளிகளோடு படியேறியது. ஒருவர் மட்டும் முனகினார். அவர் மனைவி கூடுதலாக ஒரு வாளி கொடுத்தாள்; முனகல் நின்றது.

அடுத்த வருடம் ஒரு காலை, முதல் மாடித் தையல்காரியின் குழாயில் தண்ணீர் கொட்டியது. அவள் ஒரு சொட்டும் பிடிக்காமல் மூடிவிட்டு, பதறியடித்து பம்ப்காரர் வீட்டுக்கு ஓடினாள். அங்கே சிறுமி வேர்க்க வேர்க்கக் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். அப்பா சின்னப் பட்டையைக் கட்டிப் பார்த்தார். விளையாடிய பிள்ளைக்கு இருக்க வேண்டிய பிரஷர்தான்.

தையல்காரி நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தாள். "குலையே நடுங்கிப்போச்சுடி எனக்கு."

"சும்மா குதிச்சேன் அத்தை."

"குதி, நல்லா குதி" என்றபடி அவள் எழுந்தாள். "ஆனா இன்னும் அஞ்சு நிமிஷம் குதி கண்ணு. ரெண்டு வாளி பிடிச்சுக்கறேன்."

சிறுமி குதித்தாள். முதல் மாடியில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.