பூச்சி அரிக்காத கம்பளி

கிளாஸ்கோ விமான நிலையத்தின் சோதனை வாசலைத் தாண்டியபோது என் இடுப்பு இரண்டு முறை கூவியது. ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கம்பளிப் பாவாடையான கில்ட்டின் வார்களில் இரண்டு பக்கிள்கள். சோதனைக்காரர் என் வயதுக்காரர். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"கல்யாணமா?"

"சாவு."

"மன்னிச்சுக்குங்க ஐயா. போங்க."

கில்ட் கட்டியவனிடம் எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வியை, உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்பதை, அவர் கேட்கவில்லை.

தீவுக்குப் போகும் விமானத்தில் இருபது பேர்கூட ஏற முடியாது. எடை கூடினால் ஆட்களை ஏற்றிக்கொண்டு பெட்டிகளை இறக்கிவிடுவார்கள். பெட்டி மறுநாள் வரும், காற்றடித்தால் அதற்கும் மறுநாள். அதனால் தவறவிடக் கூடாதது எதுவோ அதை உடம்பிலேயே போட்டுக்கொண்டு ஏறுவது எங்கள் வழக்கம். ஒருமுறை மணப்பெண் ஒருத்தி முழு அலங்காரத்தோடு, மடியில் பூச்செண்டோடு, வாந்திப் பையையும் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் கட்டியிருந்தது என்னுடையது அல்ல. அப்பாவுடையது. அவருக்குப் பிறகு, மூத்தவன் என்பதால், என் அண்ணன் லாக்லனுடையது. லாக்லன் இப்போது தீவில் தன் வீட்டு முன்னறையில், திறந்த சவப்பெட்டியில், வெள்ளைச் சட்டையோடு கிடந்தான். இடுப்புக்குக் கீழே ஒரு போர்வை. பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் பூசை. பதினொன்றரைக்கு மூடியைத் திருகிவிடுவார்கள்.

பத்தொன்பது வருடம் முன்பு, அப்பாவின் அடக்கத்துக்கு நான் போனபோது என் பெட்டி கிளாஸ்கோவிலேயே நின்றுவிட்டது. லாக்லன் அலமாரியைத் திறந்து இதை எடுத்தான். "இன்னைக்கு நீ கட்டிக்கோ. நான் சூட் போட்டுக்கறேன்" என்றான். அடக்கம் முடிந்ததும் அப்படியே விமானம் ஏறிவிட்டேன். அனுப்பிவைக்கிறேன் என்று சொன்னேன். அனுப்பவில்லை. அன்று இதோடு வீடு திரும்பியபோது என் கண்ணாடியில் அப்பா நின்றார். அதற்கு மேல் காரணம் எனக்குத் தெரியாது. அவன் இரண்டு முறை போன் செய்தான். இரண்டாவது முறை, "பூச்சி அரிச்சிடுச்சு லாக்லன்" என்றேன்.

 "சரி" என்றான். அதுதான் கடைசிப் பேச்சு.

மூன்று நாள் முன்பு அவன் மனைவி இஷ்பெல் கூப்பிட்டாள். சேதி சொன்னாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பூச்சி தின்ன மிச்சம் ஏதாவது வெச்சிருக்கியா ஃபின்லே? கந்தலா இருந்தாலும் கொண்டா. அதைக் கட்டித்தான் என்னை அனுப்பணும்னு சொல்லிட்டுப் போயிருக்கார்."

"பாக்கறேன்" என்றேன்.

அன்று மாலை அதை மேசையில் விரித்தேன். எட்டு கஜம் கம்பளி. ஓர் ஓட்டை கிடையாது. வருடத்துக்கு இரண்டு முறை வெயிலில் காட்டித் தட்டி வைத்தவன் நான்தானே. கத்தரிக்கோலை எடுத்தேன். உள்மடிப்பில் நாலு இடத்தில் சின்னதாகக் கிள்ளினால் போதும், பூச்சி அரித்த மாதிரி இருக்கும். விளக்கை ஏற்றிவைத்து எந்த இடம் என்றுகூடத் தேடினேன். கை போகவில்லை. அதை நல்லகுணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். துணி அவ்வளவு நன்றாக இருந்தது.

விமானத்தில், கொசுவத்தைத் தொடைக்கு அடியில் நீவிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் தீவின் நர்ஸ் பேகி.

"லாக்லன் தம்பிதானே நீங்க? நடையைப் பாத்தே கண்டுபிடிச்சேன். உங்கப்பாவுக்கும் பின்னாடி கொசுவம் இப்படித்தான் ஆடும்." துணியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "புதுசா?"

"பழசு."

"இதுவா பழசு? எங்க வீட்டுக்காரர் கில்ட்டைப் பாக்கணும் நீங்க. அதுல பூனை குட்டி போட்ட மாதிரி இருக்கும். அதையும் கட்டிக்கிட்டு ராஜா மாதிரி நிப்பார்."

நான் சிரித்தேன் போலிருக்கிறது. அவள் கொஞ்சம் பொறுத்து, "கடைசி மாசம் பூரா நான்தான் உங்க அண்ணனுக்கு ஊசி போட்டேன். இடுப்புல கிள்ள சதை இல்ல. திட்டறதுக்கு மட்டும் தெம்பு வெச்சிருந்தார்" என்றாள்.

"யாரைத் திட்டுவான்?"

"எல்லாரையும்தான். என்னை, டாக்டரை, படகை, பாதிரியாரை." யோசித்தாள். "உங்களை மட்டும் இல்ல."

அதன்பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் தீவில் விமானம் இறங்குவது கடற்கரை மணலில். கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில்தான் முடியும். அன்று தீவுக்கு மேலே போனபோது கீழே மூடுபனி. விமானி கழுத்தைத் திருப்பி, "மணல் தெரியல. இன்னொரு சுத்து சுத்திப் பாக்கறேன். அதுக்கு மேல தண்ணி ஏறிடும். கிளாஸ்கோவுக்கே திரும்ப வேண்டியதுதான்" என்றார்.

எனக்குள் ஏதோ தளர்ந்தது. பயம் என்று முதலில் நினைத்தேன். இல்லை, நிம்மதி. திரும்பிவிட்டால் மூடியைத் திருகிவிடுவார்கள். மண் போட்டுவிடுவார்கள். இந்தத் துணியை யாரும் கண்ணால் பார்க்க மாட்டார்கள். மூடுபனி என்று சொன்னால் போதும், என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. சொந்த அண்ணனின் அடக்கத்துக்குப் போய்ச்சேரக் கூடாது என்று அந்த ஒரு சுற்று முழுவதும் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். பேகி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "கவலைப்படாதீங்க. எறக்கிடுவார்." கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

இறக்கிவிட்டார். சக்கரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நின்றது.

வீட்டுக்குப் போனபோது பதினொன்று ஐந்து. இஷ்பெல் வாசலிலேயே நின்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் தலை முழுக்க நரைத்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கில்ட்டின் முன்பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினாள். பின்னால் வந்து கொசுவங்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். முன்னறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க?" என்றாள்.

"எது?"

"பூச்சி."

 "இல்ல. என்னைக்கும் இருந்ததில்ல."

அவள் நிமிர்ந்தாள். என் பொய் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்வாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அவர் நம்பினார் ஃபின்லே. நீ சொன்ன அன்னைக்கிலேருந்து இந்த வீட்டு அலமாரி பூரா பாச்சா உருண்டைதான். கிறிஸ்துமஸ் வந்தா போதும், போன்கிட்ட போய் நிப்பார். அப்பாவோடதைக் கெடுத்துட்டோமேன்னு தம்பி கூசிப்போய் இருப்பான், நான் கூப்பிட்டா இன்னும் கூசுவான்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துடுவார்."

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உள்ள போய்க் கழட்டு. அவரோட கால்சட்டை ஒண்ணு கட்டில்ல வெச்சிருக்கேன். நேரமாகுது."

லாக்லன் என்னைவிட உயரம். கால்சட்டை குதிகாலுக்குக் கீழே தரையில் இழுபட்டது. கில்ட்டைக் கையில் ஏந்திக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, என்னோடு வந்திருந்த பேகி மட்டும் அவனைச் சற்றுத் தூக்கிப் பிடித்தாள். அடியில் துணியைச் செலுத்தினேன். அது இன்னும் சூடாக இருந்தது, என் சூட்டில். கடைசித் துளையில் மாட்டியும் வார் தொளதொளவென்று நின்றது. முன்பக்கத்தை இன்னும் ஒரு சாண் இழுத்துச் சுற்றி, ஊக்கு போட்டோம். சொல்ல வேண்டியதை அப்போது சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். விரல்கள் பக்கிளிலேயே இருந்தன. 

கல்லறையில் எட்டுக் கயிறுகள். பெட்டியைப் பிடித்து இறக்குபவர்கள் யார் யார் என்று வீட்டார் முன்கூட்டியே சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். தலைமாட்டுக் கயிறு, ஒன்றாம் எண், நெருங்கிய இரத்தத்துக்கு. லாக்லனுக்குப் பிள்ளை இல்லை. என் சீட்டில் ஆறு என்றிருந்தது. ஒன்றாம் கயிற்றை இருபது வருடம் அவனோடு படகில் போன முர்டோக் பிடித்தார். இஷ்பெல் சீட்டை மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

மணல் மண். கால்சட்டையின் விளிம்பு குதிகாலுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. இழுத்துவிட முடியவில்லை, இரண்டு கையிலும் கயிறு. ஆட்டமில்லாமல் நின்றபடி, பிடிபிடியாகக் கயிற்றை விட்டேன். இவ்வளவு மெலிந்தவன் இவ்வளவு கனமாக இருந்தான். பெட்டி அடியில் உட்கார்ந்தது. பாதிரியார் தலையசைத்தார். ஒவ்வொருவராகக் கயிற்றைக் குழிக்குள் போட்டார்கள்.

"விடு ஃபின்லே" என்றாள் இஷ்பெல், என் பின்னாலிருந்து. அவ்வளவு மெதுவாக.

கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றை விட்டேன்.