நான்காம் வகுப்புக் குண்டு

கலைச்செல்வி சுட்ட குண்டு பத்து மீட்டர் தூரத்தைக் கடக்க நாற்பத்தோரு நாளும் ஆறு மணி நேரமும் எடுத்துக்கொண்டது. பிப்ரவரி பதினெட்டாம் தேதி காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அவளுடைய ஏர் ரைபிளிலிருந்து புறப்பட்டு, மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, ரம்ஜான் அன்று, மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு அட்டையின் நடுப்புள்ளியில் பட்டது. பத்து மதிப்பெண் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வாரமே, இரண்டு ஆண்டுகளுக்கு அவள் எந்தப் போட்டியிலும் சுடக் கூடாது என்று உத்தரவு வந்தது. இரண்டும் ஒரே குண்டால் நடந்தவை என்பதால் குண்டூர் நாட்டில் யாரும் ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்வதில்லை.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது குண்டூர் நாடு. அதன் ரைபிள் கூடம் முன்பு மரவள்ளிக் கிழங்கு மூட்டைகள் அடுக்கிய கொட்டகை. ஜன்னல் குறைவு, காற்று உள்ளே வராது, குறி பார்க்க அதைவிட நல்ல இடம் கீழே சமவெளியிலும் கிடைக்காது என்று சங்கத்தார் அதை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொன்றில் நின்று சுட எட்டு லேன் போட்டார்கள். போஸ்ட் ஆபீசில் வேலை பார்க்கும் தனபால் சங்கத்தின் செயலாளர். ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, கீழிருந்து ஓர் அதிகாரி வந்து ஒவ்வொருவரையும் அறுபது குண்டு சுடச்சொல்லி, அறுநூறுக்கு எவ்வளவு என்று கூட்டி, முதல் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை பிரித்துப் பதிவேட்டில் எழுதுவார். அந்தப் பதிவேட்டில் ஒன்று தவறாக ஏறிவிட்டால் திருத்தம் வரும்வரை அது அப்படியே நடக்கும். அரியூர் நாட்டுக் குப்புசாமியை ஒரு முறை இடக்கைக்காரர் என்று எழுதிவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவர் இடக்கையால் சுட்டார், இடக்கையால் களி தின்றார், இடக்கையால் மாட்டைக் கட்டினார். பதினான்கு மாதம் கழித்துத் திருத்தம் வந்தபோது கை மாறியதில் தோள் வலி கண்டு இரண்டு நாள் படுத்திருந்தார். பள்ளிக்கூடத்து ராதிகா டீச்சரின் வயதைப் பத்து குறைத்து எழுதினார்கள். அவர் இன்றுவரை மனுப் போடவில்லை.

காமிலா முள்ளுக்குறிச்சி மிளகு வியாபாரி ஜெய்லானியின் மகள். இயற்பியல் படித்தவள். கலைச்செல்வி குண்டூர் நாட்டுப் பொன்னாயியின் மகள். இருவரும் ராசிபுரத்தில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துச் சுடக் கற்றவர்கள். காமிலாவுக்கு ஆசை அதிகம், குறி குறைவு. கலைச்செல்விக்கு இரண்டும் இருந்தன, பேச்சுதான் குறைவு. படிப்பு முடிந்த பிறகும் மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காமிலா முதல் பஸ் பிடித்து மேலே வருவாள். பழைய துப்பாக்கி ஒன்றை ஜெய்லானிதான் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். டிசம்பர் மாதம் மிளகுக் கொடி பார்க்க மலைக்கு வந்தவர், போன தோட்டத்தில் எல்லாம் சொல்லி வைத்தார்: "இந்த வருசம் முதல் வகுப்பு வரலீன்னா அந்தத் துப்பாக்கிய வித்துப்போட்டு எம்புள்ளையக் கடையில உக்கார வெச்சிருவேன்." முதல் வகுப்புக்கு ஐந்நூற்று எழுபது வேண்டும். காமிலா அதுவரை ஐந்நூற்று முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை.

அந்த ஆண்டு அதிகாரி வருகிறார் என்று கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். அடித்தவர்கள் லேன் எண்களின் மேலும் அடித்துவிட்டார்கள். அதிகாரி பட்டியலைப் படித்தார்: மூன்றாவது லேன் கலைச்செல்வி, ஆறாவது லேன் காமிலா. கீழ்நாட்டில் எல்லாவற்றையும் இடப்பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். மலையில் மேட்டிலிருந்து எண்ணுவார்கள். தண்ணீர் மேலிருந்து வருவதால், முதலில் நனையும் வயல்தான் முதல் வயல். கூடத்தின் வலப்பக்கம் மேடு. எட்டு லேனில் மேட்டிலிருந்து மூன்றாவது, இடப்பக்கத்திலிருந்து ஆறாவது. காமிலா சுடுவதற்கான கோட்டு மாட்டிக்கொண்டு வந்தபோது அவளுடைய ஆறாவது லேனில் கலைச்செல்வி ஏற்கெனவே துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து "தொடங்கு" என்றார். காலியாக இருந்தது மூன்றாவது லேன் ஒன்றுதான். காமிலா போய் அதில் நின்றாள். மாலையில் அட்டைகளைக் கூட்டினார்கள். ஆறாவது லேனில் ஐந்நூற்று எண்பத்தெட்டு. மூன்றாவது லேனில் ஐந்நூற்று இருபத்தேழு. பதிவேட்டில் காமிலா முதல் வகுப்பு ஆனாள். கலைச்செல்வி நான்காம் வகுப்பு ஆனாள்.

கீழே இறங்கும் பஸ்ஸிலேயே சொல்லிவிட வேண்டும் என்று காமிலா நினைத்தாள். பஸ் நிலையத்தில் ஜெய்லானி கால் கிலோ அல்வாவோடு நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சொல்வது கடினமாக இருந்தது. அடுத்த ஞாயிறு முதல் அவள் சுட்ட எல்லாமே பத்து. தும்மிக்கொண்டே சுட்டாள், பத்து. கண்ணை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்துச் சுட்டாள், குண்டு பாதி வழியில் வளைந்து இறங்கிப் பத்தில் விழுந்தது. தனபால் அதைப் பார்த்துவிட்டு, "முதல் வகுப்புன்னா சும்மாங்களா" என்றார். காமிலாவுக்கு அழுகை வந்தது. கலைச்செல்வி அந்த வாரங்களில் மிளகு பறிப்பில் இருந்ததால் துப்பாக்கியைத் தொடவில்லை. பார்க்கும்போதெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்: "உங்க அத்தா ஒண்ணும் சொல்லலீல்ல?" நான்காம் வகுப்பைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் மாநிலப் போட்டிக்கான தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் சுடலாம், ஆனால் பெயர் மாநிலத்துக்குப் போக இரண்டாம் வகுப்பாவது இருக்க வேண்டும். கலைச்செல்வி நிதானமாக நின்றாள், மூச்சை விட்டாள், முதல் குண்டைச் சுட்டாள். சத்தம் கேட்டது. அட்டையில் ஓட்டை விழவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தபோது ஈயக் குண்டு அட்டைக்குச் சற்று முன்னால் காற்றில் நின்று மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. துப்பாக்கி அதைப் பத்துக்கு அனுப்பியிருந்தது, பதிவேடு அதைப் பத்துக்குப் போக விடவில்லை. ஒரு குண்டுக்கு மதிப்பெண் போடாமல் அடுத்த குண்டைச் சுடக் கூடாது என்பது விதி. மற்ற ஏழு பேரும் அறுபதையும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கலைச்செல்வியின் லேன் திறந்தே இருந்தது. பெயர் அனுப்பக் கடைசி நாள் ஏப்ரல் ஒன்று.

முதல் வாரம் பார்க்க ஆள் வந்தது. குண்டுக்குக் கீழே தனபால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, "தொடக் கூடாது" என்று எழுதி ஒட்டினார். ஒரு சிலந்தி அதிலிருந்து அட்டைக்கு நூல் கட்டிப் பார்த்தது, சுழற்சியில் நூல் அறுந்து அறுந்து போனதால் வேறு இடம் போயிற்று. பொன்னாயி வந்து பார்த்தாள். "நிக்கட்டும். அவசரப்பட்டா ஆகுமா" என்று சொல்லிவிட்டு மிளகு காயப் போடப் போனாள். இரண்டாம் வாரம் யாரும் வரவில்லை. காமிலா மட்டும் தினம் பஸ் ஏறி வந்து ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் குறித்தாள். தரையிலிருந்து ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். அட்டையிலிருந்து இருபத்து மூன்று சென்டிமீட்டர். பத்து நாளும் அதே அளவு.

பதினோராம் நாள், நோன்புக்கு முந்தின நாள், அவள் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். மூன்றாவது லேனில் சுட்டது நான், ஆறாவதில் சுட்டது கலைச்செல்வி, எனக்கு அன்று மாலையே தெரியும், சொல்லவில்லை, மன்னிக்கவும். தனபால் அதைப் படித்து முடித்தபோது குண்டு ஒன்பது சென்டிமீட்டர் முன்னே நகர்ந்திருந்தது. அன்றிரவு சாப்பிடும்போது அத்தாவிடமும் சொன்னாள். ஜெய்லானி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். துப்பாக்கி பரண்மேல் இருந்தது. அது எப்போது போகும் என்று காமிலா நோன்பு முழுவதும் காத்திருந்தாள்.

தனபால் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கலைச்செல்வி வீட்டுக்குப் போனார். காமிலாவும் கூடப் போனாள்.

"அடுத்தவங்க அட்டையத் தெரியாம சுட்டிருந்தா திருத்தம் வாங்கிக்கலாம் கண்ணு. தெரிஞ்சே சுட்டிருந்தா ரெண்டு வருசம் போட்டிப் பக்கமே வர முடியாது. உனக்கென்ன, மேட்டுல இருந்து எண்ணிப் போட்ட. நம்ம ஊர்ல எவனக் கேட்டாலும் அப்படித்தான் எண்ணுவான். எழுதீரட்டா?"

கலைச்செல்வி மிளகுப் பாயை ஒரு முறை கிளறினாள். "எழுதிக்கங்கண்ணா" என்றாள். அவர் எழுதினார், அவள் கையெழுத்துப் போட்டாள்.

காகிதம் கீழே போய், அங்கிருந்து இன்னொரு மேசைக்குப் போய், முப்பத்து நாலாம் நாள் திருத்தம் வந்தது. கலைச்செல்வி முதல் வகுப்பு, காமிலா நான்காம் வகுப்பு. குண்டு பத்து சென்டிமீட்டர் நகர்ந்தது. மீதி நாலு சென்டிமீட்டரில் அது மறுபடி நின்றுவிட்டது.

காமிலாவுக்குத் தூக்கம் போயிற்று. பதிவேடு சரியாகிவிட்டது என்றால் இன்னும் எது சொல்லப்படாமல் இருக்கிறது? தன்னிடம்தான் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று முடிவு செய்தாள். நோன்போடு மலையேறி வந்து குண்டின் முன் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் கண்ணாடிப் பிரிசத்தை உடைத்தது தான்தான். கலைச்செல்வியின் பச்சை துப்பட்டா தொலையவில்லை, தன் அலமாரியில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று சொன்னது பொய், அன்று படத்துக்குப் போயிருந்தாள். தனபால் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கேலைப் பார்த்துச் சொல்வார்: "அசையலீங்க. வேற ஏதாச்சும் இருக்குதா?" கலைச்செல்வி சுவரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். துப்பட்டாவைக் கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

ரம்ஜான் அன்று மதியம் காமிலா ஒரு தூக்கு பிரியாணியோடு மேலே வந்தாள். புது உடுப்பு, கையில் மருதாணி. மறுநாள் கடைசி நாள் என்பதால் தனபால் மதிப்பெண் தாளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூவரும் கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காமிலாவின் முகம் பல நாளுக்குப் பிறகு தெளிவாக இருந்தது.

"காலைல அத்தா என்ன குடுத்தாரு தெரியுமா புள்ள? ரெண்டு டப்பா குண்டு."

கலைச்செல்வி நிமிர்ந்தாள். "குண்டா?"

"ஆமா. 'நாலாம் வகுப்புன்னா நெறைய சுட்டுப் பழகோணுமல்ல'ங்கறாரு. அப்போ துப்பாக்கிய விக்கலியான்னு கேட்டேன். 'அத நான் எங்க விக்கப் போறேன் கண்ணு, நீ நல்லாச் சுடோணும்னு ஒரு மெரட்டுக்குச் சொன்னது'ங்கறாரு. மலை பூராச் சொல்லி வெச்சாரே, அத்தனையும் சும்மா. அவரு விக்கவே மாட்டாராம்."

"சும்மாவா சொன்னாரு?"

"சும்மாதான்."

"நெசமாவா புள்ள?"

"அல்லா மேல ஆணையா. ஏன், உனக்கென்ன வந்துது?"

கலைச்செல்வி கையிலிருந்த கவளத்தை மெல்லத் தட்டில் வைத்தாள். "எங்கூட்டு வாசல்ல நின்னுதான் சொன்னாரு" என்றாள். "மிளகுக்கொடி ஏணியப் புடிச்சுட்டு நின்னேன் நான். அப்படியே நம்பீட்டேன்."

தனபால், "பிரியாணி ஆறுது, சாப்புடு சாமி" என்றார். அவள் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். சுழன்றுகொண்டிருந்த குண்டை ஒரு தரம் பார்த்தாள், காமிலாவைப் பார்த்தாள், பிறகு தனபாலின் மடியிலிருந்த தாளைப் பார்த்தாள். காமிலாவுக்கு அந்தப் பார்வை புரிந்துவிட்டது. "வேண்டாம் கலை" என்றாள். "நாளைக்குப் பேரு போகோணும். வேண்டாம்."

மணி நாலு பத்து ஆகவிருந்தது. கலைச்செல்வி கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசியதை அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

"தனபாலண்ணா, எழுதிக்கங்க. மூணு வருசமா இந்தக் கொட்டாயில சுடறேன், எனக்கா லேன் தெரியாது? நான் மேட்டுல இருந்து எண்ணலீங்க. ஆறாவது காமிலாவோட அட்டைன்னு தெரிஞ்சேதான் போய் நின்னேன். அவளுக்கோசரந்தான் சுட்டேன்."