இல்லாத முதுகுவலிக்கு வந்த பலகை

காலையில் அந்த வீட்டில் பால் பொங்குவதும் பொய் சொல்வதும் ஒரே நேரத்தில்தான் நடக்கும். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். தொண்டையைச் செருமி, குரலில் கொஞ்சம் கவலையை ஏற்றிக்கொண்டாள். கவலை கூடிப்போனால் புருஷனின் சூப்பர்வைசர் நேரில் பார்க்கக் கிளம்பிவிடுவார், குறைந்தால் நம்பமாட்டார். சொல்லிச் சொல்லி அந்த அளவு அவளுக்குக் கைவந்திருந்தது.

"சார், நான்தான் பேசறேன். ஆமா சார், மறுபடியும் முதுகுதான். குனிஞ்சவரு நிமிரவே இல்ல. இடது பக்கம் அப்படியே பிடிச்சுக்கிச்சு."

எதிரே தலை வாரிக்கொண்டிருந்த மகள் சீப்பை ஆட்டி, "வலது, வலது" என்று வாயசைத்தாள். போன தடவை சொன்னது அவளுக்குத்தான் நினைவிருக்கும்.

"அதாவது சார், வலது பக்கம் ஆரம்பிச்சு இப்ப இடது பக்கம் வந்திருக்கு" என்று அம்மா சமாளித்தாள்.

வலி இப்படி இடம் மாறிக்கொண்டிருந்தது முதுகுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. அவர் ஹாலில் குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டின் கதவில் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடக்கூடிய ஆள். குடிக்காத நாளில் வேலை செய்துகொண்டே பாடுவார், மகளை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். அந்த நாட்கள்தான் இப்போது குறைந்துகொண்டே வந்தன. அவர்கள் நான்காம் மாடியில் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டே வெகுநாளாக நின்று கிடந்தது. அதைச் சரிசெய்ய வேண்டியவர் அவர்தான். கேட்டவர்களுக்கெல்லாம், "உதிரி பாகம் வரலைங்க" என்று அவள் பதில் சொன்னாள். பாகம் வந்து, பிரிக்காத பெட்டியாகக் கட்டிலுக்கடியில் தூங்கியது.

மறுமுனையில் சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார். "அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வேலை ஆரம்பிக்குது தங்கச்சி. எட்டு மாடி, புது லிஃப்ட். அவன் கை பட்டாத்தான் எனக்கு நிம்மதி. அதுக்குள்ள தேறிடுவானா? இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. அப்புறம் அவன் வேலைக்கு என்னால பொறுப்பு சொல்ல முடியாது."

"தேறிடுவாரு சார்."

போனை வைத்ததும் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேலை போனால், சலவை நிலையத்தில் அவள் இஸ்திரி போட்டு வாங்கும் சம்பளத்தை வைத்துக் குடும்பத்தை ஓட்ட முடியாது. வேலை போகாவிட்டால் அதைவிட மோசம். நடுங்குகிற கையோடு அந்த மனிதர் எட்டு மாடி உயரத்தில் லிஃப்டின் தலைமேல் நிற்பார். இதில் எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் மகளின் டிபன் பாக்ஸை அழுத்தி மூடினாள்.

பொய்யில் ஒரு தொல்லை உண்டு. நன்றாகச் சொன்னால் நம்பிவிடுவார்கள்.

முதலில் கீழ்வீட்டு அக்கா வெந்நீர்ப் பையோடு வந்தாள். "இதை வச்சு ஒத்தடம் குடும்மா, பறந்துடும்" என்றாள். எதிர்வீட்டு வாத்தியார் தைலமும் ஒரு கைத்தடியும் கொண்டுவந்தார். மருந்துக்கடைக்காரர் இடுப்பில் கட்டும் பெல்ட்டைக் கொடுத்தனுப்பினார். சாயங்காலம் படிக்கட்டில் பெரிய கூச்சல். சூப்பர்வைசரும் இரண்டு தொழிலாளிகளும் ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பலகையைத் தலையில் சுமந்து, திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் இடித்துக்கொண்டு நான்கு மாடியும் ஏறி வந்தார்கள்.

"முதுகுக்கு மெத்தை ஆகவே ஆகாது தங்கச்சி. எங்கப்பா பலகையில படுத்துத்தான் தேறினாரு" என்று மூச்சு வாங்கினார் சூப்பர்வைசர்.

சொல்லி முடிப்பதற்குள் மெத்தையைச் சுருட்டினார்கள். அதற்கடியிலிருந்து உருண்ட பாட்டிலை அவள் காலாலேயே அழுக்குத்துணிக் கூடைப் பக்கம் தள்ளினாள். மகள் நொடியில் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டாள். சொல்லி வைத்ததுபோல் நடந்தது. மெக்கானிக் பலகைமேல் கிடத்தப்பட்டார். வந்தவர்கள் அவருடைய வாடையைத் தைல வாடை என்றே எடுத்துக்கொண்டார்கள். நல்ல மனசுக்காரர்களுக்கு மூக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

பலகை தன் வேலையைக் காட்ட அதிக நாள் ஆகவில்லை.

"ஏம்மா... எனக்கு நிஜமாவே முதுகு வலிக்குதும்மா" என்று ஒரு காலையில் அவர் பரிதாபமாகச் சொன்னார்.

"யாருகிட்ட கதை விடறீங்க? அந்த வலியைக் கண்டுபிடிச்சதே நான்தான்" என்று அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் வேலைக்குப் போகும் வழியில், தெருமுனையில் நூலகத்தை ஒட்டி ஒரு குடும்ப உதவி மையம் இருந்தது. குடியை விட நினைப்பவர்களுக்கு அங்கே வைத்தியம் கிடைக்கும். அவர்கள் வீட்டாருக்குத் தனியாக ஒரு கூட்டம் நடக்கும். கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் குடும்பத்துக்கு மளிகைப் பையும் கொடுப்பார்கள். இதெல்லாம் அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்கம் போய் நடப்பாள். அங்கே நின்றாலே ஊர் கதை கட்டிவிடும் என்று பயம். ஊர் என்னவோ அவள் வீட்டுக்குப் பலகை சுமந்துகொண்டிருந்தது.

அந்த மையத்து நர்ஸ் நடமாட முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். கீழ்வீட்டு அக்கா அவரிடமும் இந்த முதுகுவலியைச் சொல்லி வைத்திருந்தாள். விடுமுறை நாளொன்றில் கதவு தட்டப்பட்டது. திறந்தால், வாசலை அடைத்துக்கொண்டு நர்ஸ் நின்றிருந்தார்.

"முதல்ல ஒரு டம்ளர் தண்ணி கொடும்மா. இந்த லிஃப்டை ரிப்பேர் பண்ண வேண்டிய புண்ணியவான் யாரு?"

"எங்கப்பாதான்" என்றாள் மகள், பெருமையாக.

நர்ஸ் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, பலகைமேல் குப்புறக் கிடந்தவரின் முதுகைத் தொட்டார். "எந்தப் பக்கம் வலி?"

"இடது" என்றாள் அவள். "வலது" என்றாள் மகள். "நடுவுல" என்று முனகினார் மெக்கானிக்.

நர்ஸ் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மூக்கு விட்டுக்கொடுக்கிற மூக்கு இல்லை. ஆனாலும் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் மகள் பக்கம் திரும்பி, "அப்பாவுக்கு எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்டார்.

மகள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பல்பு மாட்டறதுக்கு ஸ்டூல் மேல ஏறினாரு. ஸ்டூலுக்கு ஒரு கால் ஆட்டம். நான் பிடிச்சுக்கிறேன்னு ஓடி வந்தேன், அதுக்குள்ள டமால்னு விழுந்துட்டாரு. பல்பு மட்டும் உடையல."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது அவள் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வீட்டில் அப்படியொரு ஸ்டூலே கிடையாது.

"பலே! கண்ணால பார்த்த மாதிரியே சொல்றியே" என்றார் நர்ஸ்.

"அம்மாவை விட நான் நல்லா சொல்வேன்" என்றாள் மகள். பாராட்டு கிடைத்த சந்தோஷத்தில் அவள் முகம் மலர்ந்திருந்தது.

அம்மா கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். இத்தனை நாளும் புருஷனைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருந்தாள். அவரும் தேறவில்லை, பெண்ணும் கெட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இனி இந்தப் பொய்யை ஒரு நாள்கூட இழுக்க முடியாது என்று தோன்றியது.

"முதுகுல ஒண்ணும் இல்லைங்க" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். "குடிக்கிறாரு. தினமும் குடிக்கிறாரு. முதுகுன்னு சொன்னதெல்லாம் நான் கட்டின கதை."

"ஏய்!" என்று உறுமிக்கொண்டு மெக்கானிக் துள்ளி எழப் பார்த்தார். பாதிதான் எழ முடிந்தது. முதுகு சுளீரென்று பிடித்துக்கொள்ள, "ஐயோ அம்மா!" என்று அலறிப் பலகையிலேயே விழுந்தார்.

"அசையாதீங்க. இப்ப நிஜமாவே பிடிச்சிருக்கு" என்றார் நர்ஸ்.

மகள் பதறிப்போய் அருகில் உட்கார்ந்தாள். "அப்பா, வலதா இடதா? சரியா சொல்லுங்கப்பா."

நர்ஸுக்குச் சிரிப்பு பீறிட்டது. அழுதுகொண்டிருந்தவளுக்கும் அடக்க முடியவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் வழியில்லாமல் கிடந்த மெக்கானிக்கின் முதுகும் மெல்லக் குலுங்கியது. குலுங்கினால் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார். அப்புறம் கன்னத்தைப் பலகையில் வைத்தபடியே பேசினார்.

"எனக்கே பயமா இருக்கு சிஸ்டர். காலையில ஸ்க்ரூடிரைவரைப் பிடிச்சா கை ஆடுது. அது நிக்கணும்னா ஒரு மடக்கு உள்ள போகணும். ஆஸ்பத்திரி லிஃப்ட் மேல ஏறினா இறங்கி வருவேனான்னு தெரியல. விட்டுடணும்னுதான் நினைக்கிறேன். நினைப்போட சரி."

"நினைச்சிருக்கீங்கல்ல, அது போதும். ஆனா வீரமா நாளைக்கே நீங்களா நிறுத்திடாதீங்க. இத்தனை நாள் குடிச்ச உடம்பு, டாக்டர் பக்கத்துல இல்லாம பட்டுனு நிறுத்தினா வலிப்புகூட வரலாம். எங்க மையத்துக்கு வாங்க. மருந்து கொடுத்துப் பக்குவமா நிறுத்துவோம்." நர்ஸ் அவள் பக்கம் திரும்பினார். "நீயும் வாரா வாரம் கூட்டத்துக்கு வரணும்மா."

"நான் எதுக்குங்க? குடிக்கிறது அவருதானே."

"குடிச்சது அவரு. களைச்சுப் போனது யாரு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூங்கி எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தாள்.

மிச்சமிருந்தது சூப்பர்வைசருக்கு ஒரு போன். அந்த அழைப்புக்குத் தொண்டையைச் செருமவும் இல்லை, கவலையை அளந்து ஏற்றவும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள். சூப்பர்வைசர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பலகையை நாலு மாடி தலையில தூக்கினேன் தங்கச்சி" என்றார் கடைசியில். "என் கழுத்து இன்னும் திரும்பல."

"மன்னிச்சுடுங்க சார்."

"எனக்குக் கோபம்தான். பொய் சொன்னதுக்கு மட்டும் இல்ல. அவனை அந்த லிஃப்ட் மேல ஏத்தியிருந்தேன்னா? நான் எந்த முகத்தோட உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறது?" கொஞ்சம் தணிந்தார். "வைத்தியத்துக்கு லீவு நான் வாங்கித் தர்றேன். ஆஸ்பத்திரி வேலைக்கு வேற ஆள் போகட்டும். அவன் தேறி வந்தா முதல்ல ஸ்டோர்ல உட்காரட்டும். மேல ஏத்தறதை டாக்டர் சொன்னப்புறம் பார்ப்போம்."

மறுநாள் தெருமுனையில் அவள் எதிர்ப்பக்கம் போகவில்லை. மையத்தின் வாசலிலேயே ஏறினாள். முதுகைப் பிடித்துக்கொண்டு அவரும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு மகளும் ஏறினார்கள். கூட்டத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், எதிர் நாற்காலியில் மருந்துக்கடைக்காரர். தம்பிக்காக வருஷக்கணக்கில் வருகிறாராம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து அசடு வழிந்தார்கள்.

எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. சம்பளம் குறைந்த காலத்தில் மையத்து மளிகைப் பை கைகொடுத்தது. நடுவில் ஒருமுறை அவர் சறுக்கினார். அன்று காலை அவள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "நேத்து குடிச்சுட்டாரு சார். இப்ப மையத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னாள். "சரி தங்கச்சி, போயிட்டு வாங்க" என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. உண்மை இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று அவளுக்கு இதற்கு முன் தெரியாது.

கை நடுக்கம் நின்று, டாக்டரும் தலையாட்டிய பிறகு, மெக்கானிக் கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியைப் பிரித்தார். அன்று முழுக்க லிஃப்ட் கூண்டுக்குள்ளிருந்து பாட்டு கேட்டது. சாயங்காலம் லிஃப்ட் நகர்ந்தபோது கட்டடமே கை தட்டியது. அவள் வெந்நீர்ப் பை, தைலம், கைத்தடி, பெல்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அதே லிஃப்டில் இறங்கினாள். திருப்பிக் கொடுத்த இடத்திலெல்லாம் நடந்ததையும் சொன்னாள்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று வருத்தப்பட்டாள் கீழ்வீட்டு அக்கா.

"சொல்லியிருக்கணும் அக்கா. இல்லாத வலிக்கு இத்தனை பேர் மாடி ஏறி வந்தீங்க. இருக்கிற வலியைச் சொன்னா யாரும் வரமாட்டாங்கன்னு நானா முடிவு பண்ணிட்டேன். குடியும் ஒரு நோய்தான். மறைச்சு வச்சா உதவிக்கு வர்றவங்களுக்கு வழி தெரியாது. எந்த வீட்டுலயாவது இது இருந்தா, வெக்கத்தை விட்டுட்டு வெளிய சொல்லணும்."

பலகையை எடுத்துப்போக சூப்பர்வைசர் வந்தபோது கதவைத் திறந்தது மகள்.

"அப்பா எங்கம்மா?"

"மொட்டை மாடியில மோட்டாருக்கு எண்ணெய் விடறாரு மாமா."

பட்ட அனுபவம் லேசானதா? அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நிஜமாவா?"

"சந்தேகமே வேண்டாம் மாமா" என்றாள் அவள். "எங்க வீட்டுல எல்லாரும் விட்டாச்சு. அப்பா குடிக்கிறதை விட்டாரு, நானும் அம்மாவும் பொய் சொல்றதை விட்டுட்டோம்."