பார்க்டேல் வீட்டின் ஒன்பதாம் பிரிவு

நூலகத்தின் கார் தரிப்பிடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் பழைய கூட்டாளி மரியோ அந்தச் செய்தியைச் சொன்னான்.

"மலர் சனிக்கிழமை கல்கரிக்குப் போறா. மகளோட இருக்க. ஒரேயடியா."

இரத்தினவேல் மடியிலிருந்த குறிப்புத் தாள்களை இறுகப் பிடித்துக்கொண்டார். "இப்பதானோ உனக்குச் சொல்ல வாய் வந்தது?"

"முந்திச் சொன்னா காய்ச்சல் எண்டு படுத்திருப்பாய். அவா உன்ரை பேச்சுக் கேக்க வந்து முன் கதிரையில இருக்கிறா. முடிய, கேக்கிறதைக் கேள். இல்லாட்டி இனி அவவின்ரை பேரை என்னட்டை எடுக்காதை, மச்சான். முப்பத்தெட்டு வருசம் கேட்டாச்சு."

பேச்சு முதியோர் மன்றத்துக்கு. அமெரிக்கா தன்னைத் தனிநாடென்று அறிவித்து இந்த ஜூலையோடு இருநூற்றைம்பது வருடம். அந்த நாட்டின் அரசியல் யாப்பு எப்படிப் பிறந்தது என்று சொல்லும்படி கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாண வளாகத்தில் அரசறிவியலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, முப்பது வருடம் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் நின்ற மனிதருக்கு அது பெரிய மரியாதை. ஒரு மாதமாகப் படித்திருந்தார். ஆனால் மண்டபத்துக்குள் நுழைந்து முன் கதிரையில் யோகமலரைக் கண்டதும் படித்ததெல்லாம் பின்னுக்குப் போய், ரொறன்ரோவில் முதலில் குடியிருந்த பார்க்டேல் முன்னுக்கு வந்து நின்றது.

எண்பத்தேழாம் ஆண்டு மார்கழி. ஏழாம் மாடியில் இரண்டு அறை வீடு, எட்டுப் பெடியன்கள், ஒரு தொலைபேசி, ஒரு கோழிச் சட்டி. யார் எத்தனை துண்டு எடுத்தான் என்று தொடங்கிய சண்டையில் ஒருநாள் சட்டியே கவிழ்ந்தது. அன்றுதான் இரத்தினவேல் இரண்டு தாளில் யாப்பு எழுதினார். சமைப்பவன் பங்கு பிரிக்கக்கூடாது. பிரிப்பவன் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். வழக்கென்று வந்தால் அதில் சேராத ஒருவன் தீர்ப்புச் சொல்வான். யாப்பைத் திருத்துவதென்றால் அமெரிக்க முறைப்படிதான். வளாகத்தில் படித்த வலுவேறாக்கம், அதிகாரத்தை ஒரே கையில் விடாமல் பிரித்து வைப்பது, கோழிக் கறிக்குள் இறங்கியது.

எட்டுப் பேரில் மரியோ மட்டும் கைச்சாத்திட மறுத்தான்.

"இதில நாங்கள் என்ன செய்யக்கூடாது எண்டுதானே கிடக்கு? எங்களை என்ன செய்யக்கூடாது எண்டும் எழுது, பாப்பம்."

குளியலறையில் பாடும் உரிமை முதலாம் திருத்தமானது அப்படித்தான். இரத்தினவேலை ஜனாதிபதி ஆக்கினார்கள்.

பக்கத்து வீட்டில் அண்ணனோடு இருந்தவள் யோகமலர். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுப் பேருக்கும் சேர்த்து இடியப்பம் அவித்துக் கொடுப்பாள். அவள் யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று இரண்டு பேர் அகப்பையோடு மோதிக்கொள்ள, ஜனாதிபதி அன்றே ஒன்பதாம் பிரிவை எழுதினார்: 'பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் எந்த அங்கத்தவனும் கலியாணப் பேச்சு எடுக்கக்கூடாது.'

மூன்று கிழமையில் அவரே அகப்பட்டுக்கொண்டார்.

நிலக்கீழ் லோண்டறி அறையில், சுழலும் உடுப்புகளுக்கு முன்னால், ஒரு வாங்கில் இருவரும் இருப்பார்கள். சவர்க்கார வாசமும் கதகதப்புமாக அந்த அறை மட்டுமே அந்தக் குளிர்காலத்தில் ஊர்வெயில் மாதிரி இருந்தது.

"எழுதினவரும் சட்டத்துக்குள்ளதானோ?" என்று ஒருநாள் கேட்டாள் அவள்.

"அவர்தான் முதல் ஆள்" என்றார் அவர், பெருமையாக. அவள் முகம் ஏன் வாடியது என்று அப்போது விளங்கவில்லை.

பெடியன்களுக்கு விளங்கிவிட்டது. அடுத்த ஆனியில் ஒன்பதாம் பிரிவை நீக்கும் திருத்தம் ஒன்றை எழுதி, எட்டில் ஆறு பேர் கைச்சாத்திட்டு, அவர் முன் நீட்டினார்கள். தனக்காகச் சட்டத்தை வளைப்பதா? குறுக்கே 'மறுக்கப்படுகிறது – ஜனாதிபதி' என்று எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அடுத்த வருடம் யோகமலர் மொன்றியல் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனாள். அவருக்கும் குணவதி வந்தாள். இருபத்தெட்டு வருடம் நிறைவாக வாழ்ந்தார்கள். குணவதி போய் ஆறு வருடம். யோகமலர் கணவரை இழந்து ரொறன்ரோ திரும்பி நாலு வருடம். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் காணும்போதெல்லாம் சுகம் விசாரிப்பார்கள். அதற்கு மேல் அவருக்கு நா எழுந்ததில்லை.

"வெளியில பேச்சுப் போகக்கூடாது எண்டு யன்னலைச் சாத்திக்கொண்டு, கோடை முழுக்க ஃபிலடெல்பியாவில இருந்து எழுதினவை" என்று பேச்சைத் தொடங்கினார். "ஆளுறவன் நல்லவன் எண்டு நம்பி எழுதினதில்லை. அவனும் பிழை விடுவான் எண்டு நினைச்சு எழுதினது. அதாலதான் அதிகாரத்தை மூண்டாப் பிரிச்சு, ஒண்டை ஒண்டு பிடிச்சு நிறுத்த வைச்சவை. ஆள அதிகாரம் குடுக்கிறது சனம். சட்டம் செய்தவனும் சட்டத்துக்குக் கீழதான்." அடிமைகளை விட்டுவிட்டு எழுதிய பெரிய பிழையைச் சொன்னார். பிழையைத் திருத்தவும் அதற்குள்ளேயே வழி வைத்திருந்தார்கள் என்று சொன்னார். "காங்கிரஸ் முன்மொழிய வேணும். மாநிலங்களில நாலில மூண்டு பங்கு ஓம் எண்டால் திருத்தம் நிறைவேறும். அதில ஜனாதிபதிக்கு ஒரு வேலையும் இல்லை."

கேள்வி நேரம் வந்தது. யோகமலர் கையை உயர்த்தினாள்.

"எட்டுப் பேர் இருக்கிற ஒரு வீடு எண்டு வையுங்கோ. யாப்பில, அமெரிக்க முறைப்படிதான் திருத்தலாம் எண்டு கிடக்கு. ஆறு பேர் கைச்சாத்து வைச்சிட்டினம். ஆனா ஜனாதிபதி மறுத்துப் போட்டார். அந்த மறுப்புச் செல்லுமோ?"

இரத்தினவேல் மனதுக்குள் கணக்குப் போட்டார். எட்டில் ஆறு, நாலில் மூன்று. தண்ணீர்ப் போத்தலைத் தேடி எடுத்தார். திறக்க மறந்து மேசையில் வைத்தார்.

"செல்லாது" என்றார்.

கடைசி வரிசையில் மரியோ பலமாகச் செருமினான்.

எல்லோரும் தேநீருக்கு எழுந்து போன பிறகு அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். மடிப்புகளில் நைந்திருந்தது. ஆறு கையெழுத்துகள்; குறுக்கே அவருடைய இளவயதுக் கையெழுத்து.

"நான் மொன்றியலுக்குப் போற அண்டைக்கு உங்கடை பிரிட்ஜிலிருந்து கழட்டினனான். என்ரை ஆளுக்கும் காட்டினனான், ஒளிக்கேல்லை. ஆர் இந்த விசரன் எண்டு சிரிச்சவர்." அவள் தாளைத் தடவி நேராக்கினாள். "நீங்கள் திருத்தத்தை மறுத்தீங்கள் எண்டு எனக்குத் தெரியேல்லை, ஜனாதிபதி. என்னை மறுத்தீங்கள் எண்டுதான் நினைச்சன்."

"ஐயோ, மலர்! தனக்காக மாத்தினான் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது எண்டு..."

"ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம். அவையள்தானே எழுதித் தந்தவை."

அவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அத்தனை பேரின் அதிகாரத்துக்கும் எல்லை போட்டவர், தனக்கு இல்லாத அதிகாரம் ஒன்றைத் தானே எடுத்து மறுப்பு எழுதியிருக்கிறார். அந்த வீட்டுக் கதவு அன்றே திறந்துதான் கிடந்திருக்கிறது.

"அப்ப ஒன்பதாம் பிரிவு இல்லை" என்றார் மெதுவாக.

"எப்பவோ இல்லை."

இரத்தினவேல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே இருந்தார். "அறுபத்தாறு வயசு. பிறஷர் குளிசை எடுக்கிறன். இஞ்ச ரூஜ் பக்கம் சின்னதா ஒரு வீடு. இடியப்பம் அவிக்கப் பழகியிட்டன், ஆனா உங்கடை மாதிரி வராது." மூச்சு வாங்கினார். "என்னோட இருப்பீங்களோ, மலர்?"

அவள் தாளைப் பழையபடி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள்.

"துர்க்கா, அம்மா கதைக்கிறன். சனிக்கிழமை எயாப்போட்டுக்கு வராதை, பிள்ளை. இல்லை, சுகமாத்தான் இருக்கிறன். இது நீளமான கதை. வீட்டை போய்க் கதைக்கிறன்."